மூன்றாம் வீட்டிலிருந்து எட்டாம் வீட்டுக்கு

டேங்க் லைனில் இருந்த எட்டு வீடுகளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப்போனது தண்ணீர் வருகிற நாளில் நடந்ததால், அதைப் பற்றி ஆச்சரியப்பட்டு நிற்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை. ஒன்பது நாளைக்கு ஒருமுறை வருகிற தண்ணீர் அது. குடத்தை இடுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்த முப்பிடாதி, முந்தின நாள்வரை சுவரோடு சுவராக ஒட்டி நின்ற நாலாம் வீடு எங்கோ தொலைவில் ஒரு செங்கல் துண்டு அளவுக்குப் போய் நிற்பதைப் பார்த்தாள். மறுபக்கம் திரும்பினால் இரண்டாம் வீடும் அப்படியே. பார்த்துவிட்டு அவள் செய்த முதல் காரியம் குழாயைத் திறந்து பார்த்ததுதான். தண்ணீர் வந்தது. மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று குடத்தை அடியில் வைத்தாள்.

அந்த ஊரில் தெருவுக்கு இரண்டு தீப்பெட்டி ஆபீஸ் உண்டு, ஆபீஸ் என்றால் நாற்காலி போட்டு உட்கார்கிற ஆபீஸ் இல்லை, தரையில் சம்மணம் போட்டுத் தீக்குச்சிகளைச் சட்டத்தில் செருகிக் கட்டை அடுக்குகிற ஆபீஸ். முப்பிடாதியும் பதினாறு வயதிலிருந்து கட்டை அடுக்கியவள்தான். ஊருக்குக் கிழக்கே நகராட்சித் தண்ணீர் டேங்க், டேங்கை ஒட்டி ஒரே வரிசையில் எட்டு வீடுகள். டேங்கின் உச்சியில் ஒரு பெரிய விளக்கு இருந்தது. வீடுகள் விலகிய அன்று முதல் அதை யாராலும் அணைக்க முடியவில்லை, பக்கத்தில் போகவும் முடியவில்லை, அவ்வளவு வெக்கை. வீடுகளை விட்டுவிட்டு வேறெங்காவது போய்விடலாமே என்று வெளியூர்க்காரர்கள் கேட்டார்கள். இருபத்திரண்டு வருடம் அலைந்து போன மாசம்தான் பட்டா வாங்கியிருக்கிறோம் என்று லைன்காரர்கள் சொன்னதும் அவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

தூரத்தை அளந்து சொன்னது இரண்டாம் வீட்டில் குடியிருந்த கிறிஸ்டி டீச்சர். வண்டியில் போனாலும், ஓடினாலும், நடந்தாலும் அந்தப் பாதையில் ஒரே நேரம்தான் ஆனது, ஆகவே டீச்சர் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு நடந்தே அளந்தார், இரண்டு நாள் லீவு போட்டு, போகிற வழியில் ஒவ்வொரு வீட்டிலும் காபி குடித்து. டேங்கிலிருந்து ஒன்றாம் வீட்டுக்குப் பன்னிரண்டு நிமிடம். தன் வீட்டுக்கு இருபத்திரண்டு. முப்பிடாதி வீட்டுக்கு அரை மணி நேரம். நாலாம் வீட்டுக்கு முக்கால் மணி. அதுவரை எல்லாம் பக்கத்து வீடு மாதிரிதான், அதற்குப் பிறகுதான் தூரத்துக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றார். ஐந்தாம் வீட்டுக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல், ஆறாம் வீட்டுக்கு ஏறத்தாழ ஐந்து மணி, ஏழாம் வீட்டுக்கு ஒன்பதரை, எட்டாம் வீட்டுக்கு முழுசாகப் பதினைந்து மணி நேரம்.

"இது சூரியக் குடும்பத்துக் கணக்குக்கா. எந்தக் கிரகம் எவ்வளவு தள்ளியோ, அதே விகிதத்துல வீடு வீடா தள்ளி வச்சிருக்கு" என்று முப்பிடாதியிடம் டீச்சர் சொன்னார். "டேங்குதான் சூரியன். ஒண்ணாம் வீடு புதன், எங்க வீடு வெள்ளி. உங்க வீடுதான் பூமி."

"பூமின்னா நமக்கு என்ன கிடைக்கும்?" என்று முப்பிடாதி கேட்டாள்.

டீச்சர் குழாயைக் காட்டினார். "தண்ணி கிடைக்கும்க்கா. அவ்வளவுதான்."

டீச்சர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. ஒன்றாம் வீட்டிலும் இரண்டாம் வீட்டிலும் குழாயைத் திறந்தால் ஆவி வந்தது. நாலாம் வீட்டிலிருந்து அந்தக் கடைசிவரை குழாய்க்குள்ளேயே பனிக்கட்டியாக அடைத்துக்கொண்டது. விளக்குக்கு ரொம்பப் பக்கத்திலும் இல்லாமல் ரொம்பத் தூரத்திலும் இல்லாமல் இருந்தது மூன்றாம் வீடு ஒன்றுதான். விலகிய நாளிலிருந்து அங்கே தினமும் தண்ணீர் வந்தது, ஆகவே எட்டு வீட்டுக் குடமும் அங்கே வந்தது. அதிகாலையில் ஒன்றாம் வீட்டுக்காரர், ஆபீசுக்குப் புறப்படும்போது நாலாம் வீடு, ஆபீஸ் விட்டு வந்து கால் நீட்டுவதற்குள் ஐந்தாம் வீட்டிலிருந்து பதின்மூன்று பிள்ளைகள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், மகன் திருப்பூரில் இருக்கிறான், தனி ஆள்தானே என்று எல்லாரும் அவளிடம் சொல்லிவிட்டே குடத்தை வைத்தார்கள். தனி ஆளுக்குக் கை மட்டும் எட்டு ஜோடியா இருக்கிறது என்று அவள் முணுமுணுத்தபடி ஊற்றினாள். ஆறு வருடமாக ஊற்றிக்கொண்டிருக்கிறாள். அவள் இடுப்பு வலிக்கு இப்போது ஆறு வயது.

லைன் அதற்குள் பழகிவிட்டது. வீடுகள் விலகியதோடு நிற்கவில்லை, டேங்கைச் சுற்றி நகர்ந்துகொண்டும் இருந்தன, அதுவும் ஆளுக்கொரு வேகத்தில். முப்பிடாதி வீடு ஒரு சுற்றுச் சுற்றிவர சரியாக ஒரு வருடம். ஒன்றாம் வீட்டு மாசானம் எண்பத்தெட்டே நாளில் ஒரு சுற்றை முடித்துவிடுவார், முடித்ததும் ஒரு வயது கூடிவிட்டதாகக் கேசரி கிண்டுவார். நாற்பத்து மூன்றில் இருந்த மனுஷன் ஆறு வருடத்தில் அறுபத்தெட்டை எட்டிவிட்டதாகச் சொல்லி முதியோர் பென்ஷனுக்கு எழுதிப்போட்டார். அதற்கு ஆதாரமாக வீட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள், வீடு அந்தப் பக்கம் வரும்போது காட்டுகிறேன் என்று அவரும் விடாமல் காத்திருக்கிறார். நாலாம் வீடு இருபத்தாறு மாதத்துக்கு ஒருமுறை கால் மணி நேர நடைக்குள் வந்துவிடும். அந்தச் சில நாளில்தான் இரவல் போன இட்லிக் கொப்பரை திரும்பி வரும், பெண் பார்க்கிற பேச்சு நடக்கும், பாதியில் நின்ற சண்டை முடியும். பிறகு அது விளக்குக்கு அந்தப்பக்கம் போய்விட்டால் கூப்பிட்டால் கேட்காது. ஏழாம் வீடு ஒருநாள் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து படுத்துக்கொண்டது, அவர்கள் சுவரில் பாய் விரித்துத் தூங்குகிறார்கள், காலண்டர் மாட்டிய ஆணி காலில் குத்துகிறது என்பதைத் தவிர ஒரு புகாரும் சொன்னதில்லை. ஆறாம் வீட்டைச் சுற்றி உடைந்த வளையல் துண்டும் தீக்குச்சிச் சிதறலும் தூசியும் ஒரு வட்டமாக ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தது, விருந்தாளி வந்தால் குனிந்து வரச் சொல்வார்கள்.

எட்டாம் வீடு மட்டும் நகர்ந்ததாகவே தெரியவில்லை. அது ஒரு சுற்று முடிக்க நூற்று அறுபத்தைந்து வருடம் ஆகும் என்று டீச்சர் கணக்குப் போட்டுச் சொன்னார். அங்கே டேங்க் விளக்கு ஒரு நட்சத்திரம் அளவுக்குத்தான் தெரியும், உச்சிப்பொழுதிலும் சிமினி விளக்கு ஏற்ற வேண்டும், எப்போதும் மார்கழி. அந்த வீட்டில்தான் முப்பிடாதியின் தங்கை ஆவுடைத்தாய் இருந்தாள், இளைப்புக்காரி.

பேச்சும் நடையைப் போலவே ஆகிவிட்டது. போனில் சொன்ன சொல் டேங்கிலிருந்து மூன்றாம் வீட்டுக்கு வர எட்டு நிமிடம், மூன்றிலிருந்து எட்டாம் வீட்டுக்குப் போக நாலு மணி நேரம். அதற்குப் பதில் வர இன்னொரு நாலு மணி நேரம். முதல் மாதம் எல்லாரும் ஹலோ, ஹலோ என்றே ஒரு நாளைக் கழித்தார்கள். அப்புறம் லைன்காரர்கள் கேள்வி கேட்பதை விட்டுவிட்டார்கள். கேள்வியையும் அதற்கு வரக்கூடிய பதிலையும் பதிலுக்கு ஏற்ற யோசனையையும் ஒரே மூச்சில் சொல்லிவிடப் பழகினார்கள். "நல்லா இருக்கியா, நல்லா இருந்தாச் சரி, காய்ச்சல்னா கசாயம் போட்டுக் குடி, குடிச்சும் கேக்கலைன்னா அண்ணனைக் கூட்டிட்டு வா, அண்ணன் வேலைக்குப் போயிருந்தா வந்ததும் சொல்லு, வச்சிருதேன்." தூரத்து வீடுகளோடு பேசிப் பேசி, பக்கத்தில் நிற்கிறவர்களிடமும் அப்படியே பேச ஆரம்பித்தார்கள். ஊர்ச் சந்தையில் ஒரு பெண் காய்க்காரரிடம் விலை கேட்டு, அவரே சொல்லக்கூடிய விலையையும் சொல்லி, அதிகம் என்று சண்டை போட்டு, சமாதானமாகிப் பையை நீட்டினால் அவள் டேங்க் லைன்காரி என்று தெரிந்துகொள்ளலாம்.

எட்டாம் வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோக ஆவுடையின் புருஷன் செல்லத்துரை பத்து நாளைக்கு ஒருமுறை சைக்கிளில் எட்டுக் குடத்தைக் கட்டிக்கொண்டு வருவான். வரும்போது ஒரு பகலும் கொஞ்சம் இரவும், போகும்போதும் அப்படியே. அவன் முப்பிடாதிக்குக் கொழுந்தன், அக்கா தங்கை இரண்டு பேரையும் அண்ணன் தம்பி இரண்டு பேருக்குத்தான் கொடுத்திருந்தார்கள். அவன் குடத்தை மட்டும் முப்பிடாதி யார் வரிசையில் நின்றாலும் முதலில் நிரப்புவாள், தளும்பத் தளும்ப நிரப்பி, வழியில் உறையாமல் இருக்கக் கிழிந்த சேலையைச் சுற்றிக் கட்டியும் கொடுப்பாள். ஆனால் ஆவுடை எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். அவனும் கேட்காததைச் சொல்லாதவன். இரண்டு பேரும் குடத்தைப் பார்த்தபடியே நிற்பார்கள்.

தங்கையோடு அவள் பேசிப் பதினொரு வருடம் ஆகியிருந்தது. வீடுகள் விலகியதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அதற்கு ஐந்து வருடம் முந்தியே பேச்சு நின்றுவிட்டது. அவர்களுடைய அம்மா ஆவுடை வீட்டில்தான் இருந்தாள், அங்கேதான் ஒரு மத்தியானம் போனாள். முப்பிடாதி அப்போது தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். இடையில் நாலு வாசல். போன் அடித்தது. "யக்கா, அம்மா போயிட்டா" என்று ஆவுடை சொன்னது ஒரு காதில் போன் வழியாகவும் இன்னொரு காதில் சுவர் வழியாகவும் கேட்டது, அவ்வளவு பக்கம். அந்த ஊரில் சாவுச் சேதியை, துட்டி என்பார்கள், ஆள் போய் வாசலில் நின்றுதான் சொல்ல வேண்டும். அறுபது மைல் தள்ளியிருக்கிற பங்காளிக்கும் பஸ் ஏற்றி ஆள் அனுப்புவார்கள். போனில் கேட்ட துட்டியைத் துட்டியாகவே எடுத்துக்கொள்ளாத குடும்பங்கள் உண்டு. பெற்ற தாய் போனதை, நாலு வாசல் நடந்து வந்து சொல்ல முடியாதவள் ஒரு கூடப்பிறப்பா? முப்பிடாதி போனாள், தலைமாட்டில் நின்றாள், மாரில் அடித்துக்கொண்டாள், தங்கை முகத்தைப் பார்க்காமல் திரும்பிவந்தாள். ஏன் போனில் சொன்னாள் என்ற கேள்வியைத் தொண்டையில் வைத்துக்கொண்டு பதினொரு வருடம் சோறு தின்றாள்.

உண்மையைச் சொன்னால், வீடுகள் விலகிய அன்று அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. நாலு வாசல் தள்ளி இருக்கிற தங்கையைப் போய்ப் பார்க்கவில்லை என்று ஊர் பேசும். பதினைந்து மணி நேரத் தொலைவில் இருப்பவளைப் போய்ப் பார்க்கவில்லை என்று யார் பேசுவார்கள்? கோபம் அவளுக்குள் எப்போதோ அசந்துபோய் உட்கார்ந்துவிட்டது, ஆனால் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவும் இல்லை. எழுப்பி வெளியே அனுப்ப அவளுக்குத் தெம்பும் இல்லை.

அந்த முறை செல்லத்துரை தண்ணீருக்கு வரவில்லை. ஒரு நாள் தள்ளி, இரண்டு நாள் தள்ளி, நாலாம் நாள் விடியும்போது போன் வந்தது. ஏழாம் வீட்டுப் பிரேமா. "முப்பிடாதிக்கா, பிரேமா பேசுதேன், எட்டாம் வீட்டுல இருந்துதான் பேசுதேன், ஆவுடைக்கு இளைப்பு கூடிப்போச்சு, படுக்க முடியல, உக்காந்தே மூச்சு விடுதா, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவமான்னு கேப்பிய, பாதிவழி தாங்க மாட்டா, போனவாட்டி போய்ட்டு வந்ததே ரெண்டு நாளு, அவளும் வரமாட்டேன்னுட்டா, நீங்க பேசுதது இல்லைன்னு தெரியும், இருந்தாலும் சொல்லிட்டேன், பேசுததுன்னா இந்த நம்பருக்கே பேசுங்க, அவ பக்கத்துலயே வச்சிருக்கேன்."

முப்பிடாதி போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தண்ணீருக்கு வந்திருந்த கிறிஸ்டி டீச்சர் குடத்தைக் கீழே வைத்தார். பிரேமா இதைச் சொல்லி நாலு மணி நேரம் ஆகிவிட்டது, இந்த நாலு மணி நேரத்தில் அங்கே என்ன ஆகியிருக்கும் என்பது இங்கே யாருக்கும் தெரியாது. முப்பிடாதி நம்பரைப் போட்டாள். லைன் வழக்கப்படி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லியிருக்க வேண்டும். எப்படி இருக்கே, நல்லா இருந்தாச் சரி, முடியலைன்னா வாரேன், நீ செஞ்சது தப்புன்னா தப்பு, இல்லைன்னா நான் பண்ணதுதான் தப்பு, எப்படியோ போகட்டும். இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். ஆனால் பதினொரு வருடமாக அந்த ஒன்றையே வைத்துக்கொண்டிருந்த தொண்டையிலிருந்து அந்த ஒன்றுதான் வந்தது.

"அன்னைக்கு ஏண்டி போன்ல சொன்ன?"

 மூச்சு விட முடியாமல் கிடக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா? ஆனால் சொல் போய்விட்டது, நாலாம் வீட்டுப் பாதையைக்கூடத் தாண்டியிருக்காது, ஆனாலும் பிடித்து நிறுத்த வழியில்லை.

"பதில் எப்ப வரும் டீச்சர்?"

டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு மணி. "நீங்க இங்கயே நின்னா மத்தியானம் ரெண்டு மணி ஆகும்." பிறகு சொன்னார், "அவுங்க வீட்டைப் பாத்து நடந்தீங்கன்னா பதிலும் உங்களைப் பாத்து வரும்லக்கா. பன்னெண்டரைக்கே எதிர்ல வந்துரும்."

அதற்காகத்தான் முப்பிடாதி நடந்தாள். தங்கையைப் பார்க்கப் போகிறோம் என்று அவள் அப்போது ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள், பதிலைக் கொஞ்சம் முன்னால் வாங்கத்தான் போகிறோம் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டாள். ஐந்து லிட்டர் கேனில் தண்ணீர் பிடித்தாள், சேலை சுற்றினாள், குழாய்ச் சாவியை டீச்சர் கையில் கொடுத்தாள். போனை அணைக்கவில்லை. பட்டன் போன், சார்ஜ் நாலு நாள் நிற்கும், திறந்தபடியே இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள்.

நாலாம் வீடு அந்தச் சமயம் விளக்குக்கு அந்தப்பக்கம் இருந்தது, கண்ணில் படவேயில்லை. அதன் பாதையைத் தாண்டியதும் சரளைக் கல் மட்டும் சிதறிக்கிடக்கிற பொட்டல், பொட்டல் முடிந்தால் ஐந்தாம் வீடு. அங்கே ஆறு வருடமாக முற்றத்தில் ஒரே இடத்தில் சுழன்றுகொண்டிருக்கிற செம்மண் சூறாவளியைச் சுற்றிப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள், உட்காரச் சொன்னார்கள், அவள் உட்காரவில்லை. ஆறாம் வீட்டு வளையத்துக்குக் கீழே குனிந்து போனாள், ஒரு வளையல் துண்டு தலைமயிரில் சிக்கியது. நடக்க நடக்கப் பின்னால் விளக்கு சுருங்கியது, எலுமிச்சம்பழம் அளவு ஆனது, நெல்லிக்காய் அளவு ஆனது, குளிர் முழங்காலில் ஏறியது. ஆறு வருடம் எல்லாருக்கும் இருந்த இடத்திலிருந்தே தண்ணீர் ஊற்றியவளுக்கு, அவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு தூரம் போகிறார்கள் என்பது அன்றைக்குத்தான் காலில் தெரிந்தது. செல்லத்துரை எட்டுக் குடத்தோடு இதில் வருகிறான், போகிறான். ஒருநாள்கூட அவனிடம் சாப்பிட்டியா என்று கேட்டதில்லை. நினைத்ததும் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஆறாம் வீட்டுக்கும் ஏழாம் வீட்டுக்கும் நடுவில், எதுவுமே இல்லாத இடத்தில், இடுப்பிலிருந்த போன் இருமியது. நின்றுவிட்டாள். காதில் வைத்தாள். முதலில் மூச்சுதான் வந்தது, விசில் மாதிரி இழுத்து இழுத்து. அப்புறம் குரல்.

"யக்கா... இதைக் கேக்க உனக்கு இத்தனை வருசமா? அம்மா என் கையைப் பிடிச்சிருந்தாக்கா. வலது கையை. உயிரு போயும் விரல் விடல. இழுத்து எடுத்திருந்தா ஓடியாந்திருப்பேன்... நாலு வாசல்தான. இழுக்க மனசு வரல. இடது கையாலதான் போன் அடிச்சேன். நீ வந்து விரலை எடுத்துவிடுவேன்னு நெனச்சேன். நீ வரதுக்குள்ள இவுக வந்து பிரிச்சுவிட்டுட்டாக." கொஞ்ச நேரம் மூச்சு மட்டும். "நடக்குற சத்தம் கேக்கு. எங்க போற? இங்கயா வார? ...வாக்கா."

முப்பிடாதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சத்தம் போட்டு அழுதாள், கேட்க ஆள் இல்லாத இடம் என்பதால் நன்றாக அழுதாள். பதினொரு வருடம்! கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் சொல்லியிருப்பாள், சுவர் வழியாகவே கேட்டிருக்கும். எழுந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு நடந்தபோது கால் வலி தெரியவில்லை, வாய் நிற்கவில்லை. ஏட்டி ஆவுடை, வாரேன்டி, இருட்டிக் கொஞ்ச நேரத்துல வந்திருவேன், உங்க வீட்டுல எப்பவும் இருட்டுதானாம்லா, பரவாயில்ல, நீ எந்திரிச்சு அடுப்புப் பக்கம் போகாத, நான் வந்து கஞ்சி வைக்கேன், குடிப்பியா, குடிக்க முடியலைன்னா கரண்டியால ஊட்டுதேன், உன் மகனுக்குக் கல்யாணம் பேசுனப்ப நான் வரலைன்னு அழுதியாம, யாரு சொன்னான்னு கேக்காத, எங்க வீட்டு முருங்கை இந்த வருசம் காச்சதைப் பாத்தியா, நீ எங்க பாத்த, உனக்குன்னு பத்துக் காய் தனியா வச்சு வாடவிட்டேன், வருசா வருசம் வாடவிட்டேன். பதில் எதற்கும் காத்திருக்காமல், வரக்கூடிய பதில்களையும் தானே சொல்லிக்கொண்டு, அவற்றுக்குச் சிரித்தும்கொண்டாள். போனில் தங்கையின் இளைப்புச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்து, பிறகு கேட்காமலே போயிற்று. அசந்து தூங்குகிறாள் போல, தூங்கட்டும் என்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள். தாழ்த்திய குரலில் பேச்சை மட்டும் விடவில்லை.

சாய்ந்து கிடந்த ஏழாம் வீட்டைத் தாண்டி அரை மணி நேரம் போயிருப்பாள். எதிரே ஒரு ஆள் வருவது தெரிந்தது. செல்லத்துரை. சைக்கிள் இல்லை, குடம் இல்லை, தோளில் துண்டு மட்டும். பக்கத்தில் வந்ததும் நின்றான், பேசாமல் நின்றான். பேசாமல் நிற்பது அவன் வழக்கம்தான். முப்பிடாதி கேனைத் திறந்து, "இந்தாங்க தம்பி, முதல்ல தண்ணி குடிங்க" என்று மூடியில் ஊற்றி நீட்டினாள்.

அவன் வாங்கவில்லை. துட்டி சொல்ல வந்த ஆள் சொல்லி முடிக்கும்வரை யார் கொடுத்த தண்ணீரையும் வாங்கிக் குடிப்பதில்லை. நீட்டிய கை நீட்டியபடி நின்றது, அவன் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவன் சொல்லட்டும் என்று நின்றாள்.

"மதினி, ஆவுடை தவறிட்டா."

அவள் மூடியிலிருந்த தண்ணீர் சிந்தியது. "எப்ப?"

"பத்தரைக்கு. உங்களுக்குப் பதில் சொல்லி முடிச்சா, கொஞ்ச நேரத்துல அடங்கிட்டா. அதுக்கு முன்னாடி என் கையைப் பிடிச்சுச் சொன்னா, அக்காவுக்குப் போன்ல தெரியக்கூடாது, நீங்க நடந்து போய் நேர்ல நின்னு சொல்லணும்னா." அவன் குரல் உடைந்தது. "போன் தெறந்தே கெடந்துச்சு மதினி. அழுதா உங்களுக்குக் கேட்டுருமேன்னு வாயில துண்டை வச்சு அடைச்சுக்கிட்டேன். பிரேமாவையும் அழ விடல. வீட்டைவிட்டு ரொம்பத் தூரம் வந்த பொறகுதான் அழுதேன்."

முப்பிடாதி அவன் தோளைத் தொட்டாள். மறுபடியும் மூடியில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள், இப்போது வாங்கிக் குடித்தான். பன்னிரண்டரையிலிருந்து அவள் பேசிய பேச்சில் பாதி இப்போது அந்த வீட்டுக்குள் கேட்டுக்கொண்டிருக்கும், மீதி இன்னும் வழியில் போய்க்கொண்டிருக்கும். கஞ்சியும் முருங்கைக்காயும் மகன் கல்யாணமும், ஒவ்வொன்றாகப் போய்ச் சேரும். போனை எடுத்துப் பார்த்தாள். அணைக்கலாமா என்று நினைத்தாள், அணைக்கவில்லை. வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"ஆவுடை, சேதி வந்துட்டு. ஆள் வந்து நின்னுதான் சொன்னாரு. குறை ஒண்ணுமில்லட்டி. நீ மனசுல ஒண்ணும் வச்சுக்காத, நான் வாரேன்."

சொல்லிவிட்டுக் கேனை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். இன்னும் ஐந்து மணி நேர நடை இருந்தது. செல்லத்துரை கேனை வாங்கக் கை நீட்டினான், அவள் கொடுக்கவில்லை. இரண்டு பேரும் எட்டாம் வீட்டைப் பார்த்து நடந்தார்கள்.